வீடா, விடுதியா? சொத்து வரி எங்கே கோடு போடுகிறது?

சுவா சூ காங்கில் இரண்டு படுக்கையறைகள் கொண்ட கூட்டுரிமை வீடு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும் அவருடைய துணைவியாரும் அதில் குடியிருக்கிறார்கள். வீட்டுக் கடன் முழுவதும் அடைந்துவிட்டது. மகள் பெர்த்தில் இருக்கிறார். பேரப்பிள்ளை பிறக்கப் போகிறது. ஐந்து மாதங்கள் அங்கே போய் இருந்துவிட்டு வரலாம் என்று பெரியவர்கள் இருவரும் முடிவு செய்கிறார்கள்.

"அப்பா, வீட்டை எதற்குச் சும்மா பூட்டி வைக்க வேண்டும்? சுற்றுப்பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடலாமே, நானே பார்த்துக்கொள்கிறேன்" என்கிறான் மகன்.

"வேண்டாம்ப்பா. சொத்து வரியை ஏற்றிவிடுவார்கள்."

"ஏற்றட்டுமே. கூடுதல் வரியைக் கட்டிவிட்டால் போயிற்று!"

சிங்கப்பூரில் எத்தனையோ வீடுகளில் நடக்கக்கூடிய உரையாடல்தான் இது. தந்தை சொன்னது பாதி சரி. மகன் சொன்னதோ முழுத் தவறு. கூடுதல் வரி கட்டினால் நாள் வாடகைக்கு விடலாம் என்று இங்கு எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனாலும் பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். வரி வேறு, அனுமதி வேறு என்பது தெளிவாகாததால் வரும் குழப்பம் இது. இந்தக் குழப்பத்துக்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. அதனால் இதைச் சற்று நிதானமாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆண்டு மதிப்பு என்றால் என்ன?

ஆண்டு முடியும் வேளையில் உள்நாட்டு வருவாய் ஆணையத்திலிருந்து சொத்து வரி அறிவிப்பு வந்து சேரும். ஜனவரி 31ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், அல்லது கைரோ மூலம் மாதத் தவணையில் செலுத்தலாம். அந்த அறிவிப்பில் பெரும்பாலோர் பார்ப்பது கடைசி வரியில் இருக்கும் தொகையை மட்டும்தான். அதற்கு மேலே 'ஆண்டு மதிப்பு' என்று ஓர் எண் இருக்கும். கணக்கு முழுவதும் அதில்தான் தொடங்குகிறது.

இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீடுதான் ஆண்டு மதிப்பு. அறைகலன்களுக்கும் பராமரிப்புக் கட்டணத்துக்கும் உரிய பங்கை அதில் சேர்ப்பதில்லை. உரிமையாளர் உண்மையில் எவ்வளவு வாடகை வாங்குகிறார் என்பதை வைத்தும் அது முடிவாவதில்லை. அக்கம்பக்கத்தில் அதே போன்ற வீடுகளுக்கு என்ன வாடகை கிடைக்கிறது என்று பார்த்து ஆணையம் நிர்ணயிக்கிறது. வீட்டில் உரிமையாளரே குடியிருந்தாலும், வாடகைக்கு விட்டிருந்தாலும், பூட்டிக் கிடந்தாலும் ஆண்டு மதிப்பு ஒன்றுதான்.

எனவே, "ஒரு இரவுக்கு 200 வெள்ளி வாங்குகிறோம், ஆண்டுக்கு 73,000 வெள்ளி என்று மதிப்பு ஏறிவிடும்" என்று அஞ்சுவது தேவையற்றது. மதிப்பு அப்படி ஏறாது. மாறுவது வரி விகிதம். அது லேசாக மாறுவதில்லை என்பதுதான் பலருக்கும் அதிர்ச்சி தருகிறது.

ஒரே வீடு, மூன்று வரி

நம் ஆசிரியர் வீட்டின் ஆண்டு மதிப்பு 36,000 வெள்ளி என்று கொள்வோம். அதாவது மாதம் 3,000 வெள்ளி வாடகை பெறக்கூடிய வீடு.

உரிமையாளரே குடியிருந்தால், 2025 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து நடப்புக்கு வந்த விகிதப்படி முதல் 12,000 வெள்ளிக்கு வரி கிடையாது. அடுத்த 28,000 வெள்ளிக்கு 4 விழுக்காடு. அதற்கு மேல் படிப்படியாக ஏறி, 1,40,000 வெள்ளிக்கு மேற்பட்ட பகுதிக்கு 32 விழுக்காடு வரை போகும். ஆசிரியரின் வீட்டில் வரிக்கு உட்படுவது 24,000 வெள்ளிதான். 4 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 960 வெள்ளி. அரசாங்கம் அந்தந்த ஆண்டில் அறிவிக்கும் தள்ளுபடி எதுவும் இருந்தால் இதிலிருந்து இன்னும் குறையும்.

அதே வீட்டை முழுமையாக வாடகைக்கு விட்டுவிட்டால் சலுகை விகிதம் போய்விடுகிறது. 2024 முதல் உள்ள விகிதப்படி முதல் 30,000 வெள்ளிக்கு 12 விழுக்காடு, அடுத்த 15,000 வெள்ளிக்கு 20, அதற்கடுத்த 15,000 வெள்ளிக்கு 28, 60,000 வெள்ளிக்கு மேல் 36 விழுக்காடு. முதல் 30,000 வெள்ளிக்கு 3,600. மீதி 6,000 வெள்ளிக்கு 1,200. ஆக 4,800 வெள்ளி. ஐந்து மடங்கு!

மூன்றாவது கணக்கு ஒன்று இருக்கிறது. ஹோட்டல், விருந்தினர் இல்லம், முதுகுப்பை பயணிகள் தங்கும் விடுதி, சேவை அடுக்குமாடி வீடுகள், ஊழியர் தங்குவிடுதி போன்றவற்றுக்குக் குடியிருப்பு விகிதம் பொருந்தாது. அலுவலகம், கடை, தொழிற்சாலை ஆகியவற்றைப் போலவே அவற்றுக்கும் ஒரே சீராக 10 விழுக்காடுதான். அந்த விகிதத்தில் பார்த்தால் 36,000 வெள்ளி ஆண்டு மதிப்புக்கு 3,600 வெள்ளி.

கூர்ந்து பாருங்கள். குடியிருப்பவர் கட்டுவது 960. விடுதி நடத்துபவர் கட்டுவது 3,600. வீட்டை வாடகைக்கு விட்டவரோ 4,800. மூவரில் மிக அதிகமாகக் கட்டுபவர் வியாபாரி அல்லர், வீட்டை வாடகைக்கு விட்ட சாதாரண உரிமையாளர்தான்.

வீடு பெரிதாகப் பெரிதாக இந்த இடைவெளி இன்னும் விரியும். 1,00,000 வெள்ளி ஆண்டு மதிப்புள்ள தரைவீட்டில் உரிமையாளரே குடியிருந்தால் வரி 8,620 வெள்ளி. வாடகைக்கு விட்டால் 25,200. விடுதி விகிதத்தில் 10,000 வெள்ளி மட்டுமே. "அப்படியானால் என் வீட்டையும் விடுதி என்றே வகைப்படுத்திவிடுங்கள், 10 விழுக்காட்டைக் கட்டிவிட்டுப் போகிறேன்" என்று ஒருவர் கேட்டால் அதில் கணக்கு அளவில் பிழை சொல்ல முடியாது.

இந்த இடைவெளி எப்போது உண்டானது?

இது எப்போதும் இருந்த ஒன்றன்று. 2013ஆம் ஆண்டு வரை உரிமையாளர் குடியிருக்காத எல்லாச் சொத்துக்கும் ஒரே விகிதம்தான், 10 விழுக்காடு. வாடகை வீடும் ஹோட்டலும் கடையும் ஒரே வரிசையில் நின்றன. அந்த நாளில் ஒருவர் தம் வீட்டை விடுதியாக நடத்தினாலும் சொத்து வரியைப் பொறுத்தவரை எந்த மாற்றமும் இருந்திருக்காது.

2013 வரவுசெலவுத் திட்டத்தில் அப்போதைய நிதியமைச்சர் தர்மன் சண்முகரத்தினம் இதை மாற்றினார். வாடகைக்கு விடப்படும் வீடுகளுக்கும் ஏறுமுக விகிதம் 2014 ஜனவரியில் தொடங்கி, 2015இல் உச்ச விகிதம் 20 விழுக்காட்டைத் தொட்டது. வீடு காலியாகக் கிடந்தால் வரியைத் திருப்பிக் கேட்கும் வசதியும் 2014 தொடக்கத்திலேயே எடுக்கப்பட்டது. பிறகு 2022 வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சராக இருந்த லாரன்ஸ் வோங் விகிதங்களை இரண்டு கட்டமாக உயர்த்தினார். 2023இல் உச்சம் 27 விழுக்காடு, 2024இல் 36 விழுக்காடு.

காரணம் வெளிப்படையானது. சொத்து வரி செல்வத்தின் மீது விதிக்கும் வரி. இரண்டாவது வீடு, மூன்றாவது வீடு என்று வைத்திருப்பவர்கள் கூடுதலாகப் பங்களிக்க வேண்டும் என்பது அதன் பின்னால் உள்ள எண்ணம். ஹோட்டல் கட்டடம் அப்படிப்பட்டதன்று. அது தொழில் நடத்தும் இடம். அங்கே வரும் இலாபத்தின் மீது வேறு வரி இருக்கிறது. உரிமம், தீயணைப்புப் பாதுகாப்பு விதிகள், விருந்தினர் பதிவு என்று பொறுப்புகளும் தனியாக உள்ளன. சொத்து வரி 10 விழுக்காடு என்ற ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து "அது எனக்கும் வேண்டும்" என்று கேட்டால், மற்ற சுமைகளையும் தூக்க வேண்டியிருக்கும்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். இந்த ஏறுமுக விகிதம் பணக்காரர்களை மட்டும் தொடவில்லை. வயதான காலத்தில் பிள்ளைகளோடு போய்த் தங்கிக்கொண்டு, இருக்கும் ஒரே வீட்டை வாடகைக்கு விட்டு அந்தப் பணத்தில் வாழும் முதியவருக்கும் அதே 12 விழுக்காடுதான். 12,000 வெள்ளி ஆண்டு மதிப்புள்ள வீவக வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குடியிருந்தால் வரி பூஜ்ஜியம், முழு வீட்டையும் வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு 1,440 வெள்ளி. வாடகை வருமானத்தோடு ஒப்பிட்டால் பெரிய தொகை இல்லை என்று வாதிடலாம். ஆயினும், "இரண்டு வீடு வைத்திருப்பவருக்கும் ஒரே வீடு வைத்திருக்கும் எனக்கும் ஒரே விகிதமா?" என்று அந்த முதியவர் கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

வகையை முடிவு செய்வது யார்?

இப்போது மகன் சொன்ன "வரியைக் கட்டிவிட்டால் போயிற்று" என்பதற்கு வருவோம்.

ஒரு கட்டடம் வீடா, விடுதியா என்பதை வரி ஆணையம் தீர்மானிப்பதில்லை. அந்த இடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று அனுமதிப்பது நகர மறுசீரமைப்பு ஆணையம். வீவக வீடாக இருந்தால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் விதிகளும் சேர்ந்துகொள்ளும். அங்கே அனுமதி இல்லாமல் வரி அலுவலகத்தில் போய் வகையை மாற்றிக்கொள்ள வழியில்லை.

தனியார் வீடுகளைப் பொறுத்தவரை ஒருவருக்கு ஒரே தொடர்ச்சியாகக் குறைந்தது மூன்று மாதங்களுக்கு வாடகைக்கு விட வேண்டும். 2017 ஜூன் 30ஆம் தேதிக்கு முன்பு அது ஆறு மாதமாக இருந்தது. வீவக வீட்டுக்கு இன்றைக்கும் ஆறு மாதம்தான். சுற்றுப்பயணிகளை வீவக வீட்டில் வாடகைக்குத் தங்க வைக்கவே கூடாது. முழு வீட்டுக்கு மட்டுமல்ல, ஓர் அறைக்கும் இதே குறைந்தபட்சக் காலம்தான். "நானும் வீட்டில்தானே இருக்கிறேன், ஓர் அறையை மட்டும் இரண்டு நாளைக்குக் கொடுத்தால் என்ன?" என்பதும் எடுபடாது.

2017இல் திட்டமிடுதல் சட்டம் திருத்தப்பட்டபோது குறுகியகால வாடகை தனிக் குற்றமாகவே ஆக்கப்பட்டது. அபராதம் 2,00,000 வெள்ளி வரை போகலாம். இதை வெறும் மிரட்டல் என்று நினைத்தவர்களுக்கு 2018 ஏப்ரலில் பதில் கிடைத்தது. கூட்டுரிமை வீடுகளை ஏர்பிஎன்பி வழியாக வாடகைக்கு விட்ட இருவருக்கு நீதிமன்றம் தலா 60,000 வெள்ளி அபராதம் விதித்தது. வீவக வீடாக இருந்தால் நிலைமை இன்னும் கடுமை. விதியை மீறியவரிடமிருந்து வீட்டையே கட்டாயமாக எடுத்துக்கொள்ளும் அதிகாரம் கழகத்துக்கு உண்டு.

இதைத் தளர்த்தும் எண்ணம் அரசாங்கத்துக்கு இல்லாமல் போகவில்லை. 2018இல் ஒரு திட்டத்தை முன்வைத்துப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். ஆண்டுக்கு 90 நாள் வரை குறுகியகால வாடகைக்கு விடலாம். ஆனால் அந்தக் கூட்டுரிமை வளாகத்தின் உரிமைப் பங்கில் 80 விழுக்காட்டினர் சம்மதிக்க வேண்டும். 90 நாள் போதாது, 80 விழுக்காடு எட்டாக்கனி என்று வீட்டு உரிமையாளர்கள் தரப்பு குறைப்பட்டுக்கொண்டது. கடைசியில் 2019 மே மாதம், இருக்கும் மூன்று மாத விதியே தொடரும் என்று ஆணையம் அறிவித்துவிட்டது.

இங்கே பக்கத்து வீட்டுக்காரரின் இடத்திலிருந்தும் பார்க்க வேண்டும். இரவு பதினொரு மணிக்குப் பெட்டிச் சக்கரம் உருளும் சத்தம், நீச்சல் குளத்தில் தினமும் புதுமுகங்கள், மின்தூக்கியில் நிற்பவர் குடியிருப்பவரா வந்துபோகிறவரா என்றே தெரியாத நிலை. பாதுகாவலர் யாரைத் தடுப்பது, யாரை விடுவது? பராமரிப்புக் கட்டணத்தை எல்லோரும் சேர்ந்து கட்ட, வருமானம் ஒருவருக்கு மட்டும். நாள் வாடகைக்கு விட விரும்புகிறவர்கள் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் போட்டுப் பார்ப்பதில்லை.

நாள்களை எண்ணினால் என்ன ஆகும்? வேல்ஸ் சொல்லும் பாடம்

90 நாள் திட்டம் நடப்புக்கு வந்திருந்தால் சொத்து வரியில் ஒரு புதிய சிக்கல் முளைத்திருக்கும். 90 நாள் விருந்தினரும் 275 நாள் உரிமையாளரும் இருக்கும் வீடு எந்த வகை? இதே கேள்விக்கு வேறொரு நாடு பதில் சொல்ல முயன்று படும் பாட்டைப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

பிரிட்டனில் வீட்டுக்குக் 'கவுன்சில் வரி'. தொழில் நடத்தும் இடத்துக்கு வணிகச் சொத்து வரி. இங்கிலாந்தில் 2023 ஏப்ரலுக்கு முன்பு, ஒரு விடுமுறை வீட்டை ஆண்டுக்கு 140 நாள் வாடகைக்கு விடத் தயாராக இருப்பதாக உரிமையாளர் சொன்னாலே போதும், அது வணிகச் சொத்தாகிவிடும். உண்மையில் ஒருவராவது வந்து தங்கினாரா என்று நிரூபிக்க வேண்டியதில்லை. சிறு வணிகங்களுக்கான சலுகையோ மிகத் தாராளமானது. வரிக்குரிய மதிப்பு 12,000 பவுண்டுக்கு மேற்போகாத ஒரே ஒரு சொத்து என்றால் வணிக வரி முழுவதும் தள்ளுபடி. விளைவு என்ன? கடற்கரையில் இரண்டாவது வீடு வைத்திருந்தவர் அதை 'விடுமுறை வாடகை வீடு' என்று அறிவித்துவிட்டு, கவுன்சில் வரியும் கட்டாமல் வணிக வரியும் கட்டாமல் இருந்துகொண்டார். பக்கத்தில் உண்மையாகவே குடியிருந்த மீனவரும் தாதியும் கவுன்சில் வரியைத் தவறாமல் கட்டி வந்தார்கள்.

இந்த ஓட்டையை அடைக்க, 140 நாள் தயாராக இருப்பது மட்டும் போதாது, குறைந்தது 70 நாளாவது உண்மையில் வாடகைக்குப் போயிருக்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்து இங்கிலாந்து விதி கொண்டுவந்தது. வேல்ஸ் அதே நாளில் ஒரே தாவாகத் தாவியது. 252 நாள் தயாராக இருக்க வேண்டும், 182 நாள் உண்மையில் வாடகைக்குப் போயிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் அது வணிகச் சொத்தன்று, வீடு. வீடு என்றால் கவுன்சில் வரி. இரண்டாவது வீடு என்றால் அதன் மேல் 300 விழுக்காடு வரை கூடுதல் வரி விதிக்கும் அதிகாரமும் உள்ளூர் மன்றங்களுக்குக் கொடுக்கப்பட்டது.

வேல்ஸில் நாள்களை எண்ணும் வேதனை இதற்குப் பிறகுதான் தொடங்கியது. மழையும் குளிரும் மிகுந்த ஊரில் பாதி ஆண்டுக்கு விருந்தினரைப் பிடிப்பது எளிதா? பண்ணைக் கொட்டகையைச் சீரமைத்து விடுமுறை வீடாக நடத்திய குடும்பங்கள், உண்மையாகவே தொழில் செய்தவர்கள், சில நாள்கள் குறைந்துபோனதால் வகை மாற்றப்பட்டுப் பெரிய தொகைக்கு வரிச்சீட்டு பெற்றார்கள். ஏமாற்றியவரைப் பிடிக்கப் போட்ட வலையில் உழைத்தவரும் சிக்கினார். அதே வேளையில், சொந்தக் கிராமத்தில் வாடகைக்கு ஒரு வீடு கிடைக்காமல் தவித்த இளந்தம்பதிகளைக் கேட்டால், விதி இன்னும் கடுமையாக இருக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருக்கும்போது 182 என்ற எண்ணால் நீதி வழங்கிவிட முடியுமா என்பது ஐயமே. அதைப் பார்க்கும்போது, நாள்களை எண்ணாமல் 'மூன்று மாதம்' என்று ஒரே கோடாகக் கிழித்த சிங்கப்பூரின் வழி முரட்டுத்தனமானதாகத் தோன்றினாலும், யாரும் கணக்கேடு வைத்து நிரூபிக்க வேண்டிய தொல்லை இல்லாதது.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

ஜோகூர் பாருவில் வீடு வாங்கி வைத்திருக்கும் சிங்கப்பூரர்கள் பலர் உண்டு. அங்கே சட்டம் வேறு. மலேசியாவில் பலரும் 'சுக்காய் பிந்து' என்று அழைக்கும் மதிப்பீட்டு வரியை ஊராட்சி மன்றங்கள் விதிக்கின்றன. 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம், ஆண்டு மதிப்பில் 35 விழுக்காடு அல்லது சொத்தின் மேம்பாட்டு மதிப்பில் 5 விழுக்காடு என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஜோகூர் இரண்டாவது முறையைப் பின்பற்றும் மாநிலம். அதாவது வாடகை மதிப்பு அன்று, சொத்தின் விலை மதிப்பே அடிப்படை. சேவை அடுக்குமாடி வீடுகள் பல வணிக நிலத்தில் எழுந்தவை. ஆகவே வாங்கும்போதே நிலப்பட்டாவில் எந்த வகை என்று பார்த்துக்கொள்வது நல்லது.

நாள் வாடகையைப் பொறுத்தவரை அங்கே நாடு முழுவதற்குமான ஒரே தடை இல்லை. ஆனால் 2020இல் கூட்டரசு நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பு ஒன்றை வழங்கியது. கோலாலம்பூர் மோன் கியாராவில் உள்ள வெர்வ் சூட்ஸ் குடியிருப்பின் நிர்வாகக் கழகம் குறுகியகால வாடகையைத் தடை செய்து, மீறினால் நாளுக்கு 200 ரிங்கிட் அபராதம் என்று உள்விதி கொண்டுவந்தது. உரிமையாளர்கள் சிலர் எதிர்த்து வழக்காடினார்கள். அந்த உள்விதி செல்லும் என்பதுதான் தீர்ப்பு. ஆகவே அங்கே வீடு வாங்கியிருப்பவர் ஊராட்சி மன்றத்தை மட்டுமல்ல, தம் கட்டடத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையும் கவனிக்க வேண்டும்.

ஆசிரியர் என்ன செய்யலாம்?

சுவா சூ காங் வீட்டுக்குத் திரும்புவோம். மகன் சொல்வது போல இரவுக்கு 200 வெள்ளி, மாதத்துக்கு 20 இரவு என்று வைத்தால் ஐந்து மாதத்தில் 20,000 வெள்ளி. இணையத்தளத்தின் கட்டணம், சுத்தம் செய்யும் செலவு, படுக்கை விரிப்பு துவைப்பு எல்லாம் போக மீதி. இது சட்டவிரோதம் என்பதால் கணக்கை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஐந்து மாதத்துக்கு ஒரே குடும்பத்துக்கு ஒப்பந்தம் போட்டு வாடகைக்கு விட்டால்? மாதம் 3,000 வெள்ளி என்று 15,000 வெள்ளி. மூன்று மாத விதிக்குப் பழுதில்லை. உரிமையாளர் சலுகை அந்தக் காலத்துக்கு மட்டும் விலகும். ஆண்டுக்கு 4,800க்கும் 960க்கும் உள்ள வித்தியாசம் 3,840. மாதத்துக்கு 320. ஐந்து மாதத்துக்குக் கூடுதல் சொத்து வரி 1,600 வெள்ளி. தந்தை அஞ்சிய 'வரி ஏற்றம்' இவ்வளவுதான். மீதி 13,400 வெள்ளி கையில் நிற்கும். வாடகை ஒப்பந்தத்துக்கான முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, அதாவது 60 வெள்ளி. அதை வழக்கமாக வாடகைக்கு வருபவரே செலுத்துவார்.

வாடகை வருமானத்துக்கு வருமான வரியும் உண்டு. ஆனால் செலவுக்கென்று 15 விழுக்காட்டை இரசீது காட்டாமலே கழித்துக்கொள்ளலாம். 15,000 வெள்ளியில் 2,250 போக 12,750 வெள்ளிதான் வருமானக் கணக்கில் சேரும். வரிக்குரிய வருமானத்தில் முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை என்பதால், வேறு வருமானம் இல்லாத ஓய்வு பெற்றவருக்கு இதில் சுமை எதுவும் இருக்காது. கணக்கில் காட்ட வேண்டியது மட்டும் கட்டாயம்.

"ஒரு படுக்கையறையில் நம் சாமான்களை வைத்துப் பூட்டிவிட்டு, இன்னோர் அறையையும் கூடத்தையும் மட்டும் வாடகைக்கு விட்டால் நாமும் குடியிருக்கிற மாதிரிதானே? சலுகை போகாதே?" என்று துணைவியார் கேட்கக்கூடும். நல்ல யோசனைதான், ஆனால் செல்லாது. உரிமையாளர் அந்த வீட்டில் உண்மையாகவே வாழ்ந்துகொண்டு அறையை வாடகைக்கு விட்டால்தான் சலுகை விகிதம் தொடரும். ஆள் பெர்த்தில், பூட்டு மட்டும் சுவா சூ காங்கில் என்றால் அது குடியிருப்பு ஆகாது. வீவக வீடுகளில் இப்படி ஓர் அறையைப் பூட்டி வைத்துவிட்டு முழு வீட்டையும் வாடகைக்கு விட்டவர்கள் மீது கழகம் நடவடிக்கை எடுத்திருக்கிறது.

ஒப்பந்தம் தொடங்கியதும் உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் பின்னால் கண்டுபிடித்துப் பாக்கியையும் தண்டத்தையும் சேர்த்துக் கேட்பார்கள். முத்திரைத் தீர்வை கட்டும்போதே வாடகை விவரம் அவர்களிடம் போய்விடுகிறது என்பதை மறக்க வேண்டாம். இன்னொன்றும் இருக்கிறது, பலர் கோட்டை விடும் இடம் இதுதான். பேரப்பிள்ளையைக் கொஞ்சிவிட்டுத் திரும்பி வந்து, வாடகைக்கு இருந்தவர் காலி செய்து, தாங்கள் மறுபடியும் குடியேறியதும் உரிமையாளர் விகிதத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்காத வரை மாதம் 320 வெள்ளி ஓடிக்கொண்டே இருக்கும்.